உட்கார முடியாத நாட்கள்

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கும் ரத்தம். துடைத்த காகிதத்தில் பளிச்சென்று சிவப்பு. முகத்தைக் கழுவி, தலையைப் பின்னிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் வேலைக்குப் போய்விட்டேன். நல்ல நடிகை நான்.

நாள் முழுக்கக் கிரேனில் கம்பிக் கட்டுதான் தூக்கினேன். நாற்காலியில் இடப்பக்கம் கொஞ்ச நேரம், வலப்பக்கம் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிச் சாய்ந்தபடி. கீழே இருந்து பார்த்தவர்களுக்குக் கேபினே ஆடுவதுபோல் இருந்திருக்கும்.

தண்ணீர் ஒரே ஒரு மடக்கு. அதுவும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதால். குடித்தால் இறங்க வேண்டும். டவர் கிரேனிலிருந்து ஏணி ஏணியாக இறங்கி, கட்டட மனையின் அந்தக் கோடியில் இருக்கும் கழிப்பறைக்கு நடந்து, திரும்ப ஏறி வருவதற்குள் கீழே லாரிகள் வரிசை கட்டிவிடும். பக்கத்து மனையில் கிரேன் ஓட்டும் ஆண்களுக்கு ஒரு காலி பாட்டில் போதும். எனக்கு? இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் கண்டுபிடித்த ஒரே வழி, குடிக்காமல் இருப்பது. பெரிய விஞ்ஞானி!

குடிக்காததால் இறுகுகிறது. இறுகுவதால் முக்குகிறேன். முக்குவதால் வீங்கி, உரசி, ரத்தம். எல்லாம் தெரிகிறது. தெரிந்து என்ன பயன்? மகள் பிறந்த சமயத்தில் இந்த மூலம் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. இப்போது மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள். இது வீட்டோடு தங்க வந்துவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மனுஷிக்கு மூன்றாவதாக ஒரு நிலை கொடுத்திருக்கக் கூடாதா?

மார்ச் 5, புதன்

மாமா இன்று பிரிட்ஜிடம், "பருப்புல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். நானும் அதைக் கேட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரின் அப்பா. அத்தை போனபிறகு எங்களோடு இருக்கிறார். ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரில் இருக்கும் மைக்கில் பேசியே ஆயுளைக் கழித்தவர். மைக் இல்லாமல் மனிதர்களிடம் எப்படிப் பேசுவதென்று அவருக்குத் தெரியாது என்பது என் கணிப்பு. கோபம் எல்லாம் கிடையாது. என்னிடம் சொல்ல வேண்டியதைப் பிரிட்ஜிடம் சொல்வார், ஜன்னலிடம் சொல்வார், சில சமயம் தன் செருப்பிடம் சொல்வார். நான் உட்கார்ந்தால் அவர் எழுந்து போய்விடுவார். அவருக்கு அது மரியாதை.

வீட்டுக்காரருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. நான் வரும்போது அவர் கிளம்புவார். அதனால் சாயங்காலங்களில் வீட்டில் மூன்று பேர்: நான், மாமா, பிரிட்ஜ்.

ரத்தம் வருவதை வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார். அவர் பயந்தால் அவரையும் நான்தான் தேற்ற வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

செத்துப்போகலாம் போல இருக்கிறது. இல்லை, செத்தாலும் இந்தக் கதை என்னோடு வராது. இங்கேயே தங்கி எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எழுதினாலாவது குறையட்டும்.

வாக்கி டாக்கியைத் தொடைக்குப் பக்கத்தில் செருகி வைப்பது என் வழக்கம். இரண்டு கையும் கைப்பிடிகளில் இருக்கும், அதனால். இன்று எரிச்சல் தாங்காமல் இடப்பக்கமாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். பட்டன் தொடைக்கடியில் அமுங்கிவிட்டது. எனக்குத் தெரியவில்லை. கொக்கி காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது, கீழே கான்கிரீட் லாரிக்காகக் காத்திருந்தார்கள். நான் என் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தேன். தனியாக இருந்தால் நான் பேசுவேன். இத்தனை உயரத்தில் வேறு யாரிடம் பேசுவது?

"ஐயோ அம்மா... எரியுதே... மிளகாய அரைச்சு வச்ச மாதிரி... ஏய் மூலமே, உன் கால்ல விழறேன், இன்னைக்கு ஒரு நாள் சும்மா இருடி. காலைல ரத்தத்தப் பாத்து எனக்கு உயிரே போச்சு. உனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலை!"

இதோடு நிற்கவில்லை. அழுதேன் வேறு. மூக்கைச் சிந்தினேன்.

தற்செயலாகக் கீழே பார்த்தால், கம்பி வளைப்பவர்கள், தச்சர், பம்ப் ஆள் என்று அத்தனை பேரும் அண்ணாந்து என்னையே பார்க்கிறார்கள். கீழே நின்று எனக்குத் தூக்கு, நிறுத்து என்று சொல்லும் சிக்னல்காரர் இரண்டு கையையும் தலைக்குமேல் குறுக்கும் நெடுக்குமாக வீசுகிறார். ஏதோ ஆபத்து என்று பதறி எழுந்தேன். எழுந்ததும் வாக்கி டாக்கி கரகரத்தது.

"தங்கச்சி... பட்டன் அமுங்கி இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். ஒருவர் பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. என்னைத் தடுக்கக்கூட ஒருவராலும் முடியவில்லை. நான் அழுது முடிக்கும்வரை மனையே கேட்டிருக்கிறது.

கொக்கியில் சுமை இருந்து, அந்த நேரத்தில் அவர் "நிறுத்து" என்று சொல்ல வேண்டி வந்திருந்தால்? அதை நினைத்தால் வெட்கமே சின்னதாகிவிடுகிறது.

மார்ச் 7, வெள்ளி

லீவு போடத்தான் நினைத்தேன். ஆனால் இன்று ஒளிந்தால் நாளையும் ஒளிய வேண்டும். போனேன்.

யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டில் தச்சர் மட்டும், "என் சம்சாரத்துக்கும் இருந்துச்சும்மா. டாக்டர்கிட்ட போனதும் சரியாயிடுச்சு" என்று ஹெல்மெட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்தார். அவரும் மாமா ஜாதி போல.

சிக்னல்காரர் ஏணிக்கடியில் நின்றார். "இனிமே தினம் பத்து மணிக்குக் கொக்கிக்கு ஓய்வு, தங்கச்சி."

"எதுக்குண்ணா?"

"கம்பிக் கயித்த அப்பப்ப பாக்கணும்ல? எஞ்சினியர்கிட்ட சொல்லிட்டேன். நான் கயித்தப் பாக்குறேன், நீங்க இறங்கி வாங்க. தண்ணிய மேலயே குடிச்சிடுங்க. சாயங்காலத்துக்கும் ஒண்ணு கேட்டிருக்கேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "எனக்கும் ரெண்டு தடவ வந்திருக்கு. நாளைக்கு டாக்டர்கிட்ட போறீங்க. போகலன்னா திங்கக்கிழம கிரேன்ல ஏற விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுப் பைக்காகக் கயிறு விட்டேன். பையோடு சேர்ந்து, நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் மெத்தை ஒன்று, ஊதிய நிலையில், மேலே வந்தது. பணம் போட்டு வாங்கியிருக்கிறார்கள். யார் யார் என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள்.

இப்படிப்பட்டவர்கள் கூட வேலை செய்கிறேன் என்பது இவ்வளவு நாள் எனக்குத் தெரியாமல் போனதே. நன்றி, நன்றி. மேலேயிருந்து பார்த்தால் எல்லோரும் தொப்பியாகத்தான் தெரிகிறார்கள்.

மார்ச் 8, சனி

டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. கையுறை மாட்டிக்கொண்டே, "வலிச்சா சொல்லுங்க, கெட்ட வார்த்தைன்னாலும் பரவாயில்ல" என்றார். அங்கேயே பாதி வெட்கம் போய்விட்டது. விரலால் பார்த்தார், பிறகு சின்னக் குழாய் ஒன்றை வைத்துப் பார்த்தார். நான் இவ்வளவு நாள் பயந்த அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

மூலம்தான். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஆபரேஷன் வேண்டாம். வீட்டிலேயே பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும் என்றார். வெளியே இருப்பது சுருங்கக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும். சுருங்கியபிறகும் தோல் கொஞ்சம் தொங்கலாம், அதற்காகப் பதற வேண்டாம்.

பிறகு என் வாழ்க்கையை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தண்ணீர் குடிப்பதில்லை. வீட்டுக்காரர் தொழிற்சாலையிலிருந்து சும்மா கிடைக்கிறதென்று கொண்டு வரும் வெள்ளை ரொட்டிதான் காலையும் ராத்திரியும். கழிப்பறையில் போனோடு உட்கார்ந்துகொள்வேன். "அங்கதான் டாக்டர் எனக்குக் கொஞ்சம் நிம்மதி." அவர் சிரிக்கவில்லை. "நிம்மதிக்கு வேற இடம் பாருங்க. அங்க உக்காந்துக்கிட்டே இருந்தா அழுத்தம் எல்லாம் அந்த எடத்துலதான். போனோமா வந்தோமான்னு இருக்கணும். வரலன்னா எழுந்து வந்துடுங்க, முக்காதீங்க."

வெதுவெதுப்பான தண்ணீரில் தினம் இரண்டு மூன்று தடவை, பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். சூடு வேண்டாம், உப்பு சோப்பு எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர். பிறகு தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். களிம்பு ஒரு வாரத்துக்கு, அதற்குமேல் போடக் கூடாது. நார்ச்சத்துத் தூளைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். தண்ணீர் குடிக்காமல் தூளை மட்டும் போட்டால் இன்னும் இறுகிவிடுமாம். அதைச் சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ரப்பர் மெத்தையைச் சொன்னேன். ஓட்டை மெத்தை வேண்டாம், சாதாரணத் தலையணை போதும் என்றார். மனசு கேட்கவில்லை. அதைக் கேபின் சுவரில் மாட்டி வைக்கப் போகிறேன்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். "ரத்தம்னா மூலம்தான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. நான் பாத்ததால சொல்றேன், உங்களுக்கு மூலம். இது நிக்கலன்னாலோ, கறுப்பா போனாலோ, எடை குறைஞ்சாலோ உடனே வரணும். கொஞ்சம் வயசானவங்கன்னா மொத தடவையே உள்ள கேமரா விட்டுப் பாத்துடுவோம்."

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். பயந்தார். தேற்றினேன். பிறகு எழுந்து போய், நான் உட்காரும் அளவுக்கு அகலமான நீல டப் ஒன்று வாங்கி வந்தார். "கடைக்காரன் கொழந்தைக்கான்னு கேட்டான். ஆமான்னுட்டேன்" என்றார். தவிட்டு ரொட்டி வேறு இரண்டு. ரொட்டி அடுக்கும் பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துக் கழிப்பறையில் கால் வைக்கப் போட்டிருக்கிறார். முழங்கால் மேலே இருந்தால் சுலபமாக வரும் என்று டாக்டரம்மா சொன்னதாக நான்தான் சொன்னேன். இவ்வளவு சீக்கிரம் செய்வார் என்று நினைக்கவில்லை.

டப்பில் உட்கார்ந்தேன். ஆஹா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தச் சுகத்துக்கு எதையும் எழுதிக் கொடுக்கலாம்.

மார்ச் 12, புதன்

முக்காமல் போனது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது இதை? பிரிட்ஜிடம் சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

மறுபடி ரத்தம், துளிதான். என் தப்பு. நேற்று முழுக்கக் கான்கிரீட் போட்டார்கள், நடுவில் நிறுத்த முடியாது, பத்து மணி ஓய்வு இல்லை. இறங்க முடியாதென்று தெரிந்ததும் கை தானாகப் பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டது. பழைய புத்தி.

சிக்னல்காரரிடம் ஒப்புக்கொண்டேன். "அடுத்த தடவ கான்கிரீட் அன்னைக்கு மாத்து ஆள் ஒருத்தர ஏத்திட்டு இறங்குங்க. கேட்டு வாங்கறேன்" என்றார். இந்த மனிதருக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன்?

மார்ச் 16, ஞாயிறு

களிம்பை நிறுத்திவிட்டேன். வெளியே இருந்த வீக்கம் பட்டாணி அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. தலையணை மேல் உட்கார்ந்து ஒரு முழுப் படம் பார்த்தேன்! படம் மோசம். உட்கார்ந்தது அருமை.

மார்ச் 18, செவ்வாய்

காற்று. காலையிலேயே அளவு தாண்டிவிட்டது, கிரேனின் நீளக் கை காற்றோடு தானாகத் திரும்பும்படி பிரேக்கை விட்டுவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வருவேன் என்று யாரும் எதிர்பார்க்காத நேரம்.

வீட்டுக்காரர் உள்ளறையில் குறட்டை. மாமா குளியலறையிலிருந்து வெளியே வந்தார், என்னைப் பார்த்ததும் திகைத்து, கதவிடம் "காத்து ஜாஸ்தி போல" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

உள்ளே போனால் என் நீல டப் ஈரம். தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு இன்னும் போகவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. என் டப்! பிறகு சிரிப்பு. பிறகு இரண்டும் போய்விட்டது.

மார்ச் 19, புதன்

களிம்பை எடுத்துப் பார்த்தேன். நான் எதையும் நடுவில் பிதுக்குகிறவள். அந்தக் குழாய் அடியிலிருந்து ஒழுங்காக, மடிப்பு மாறாமல் சுருட்டப்பட்டிருந்தது. இந்த வீட்டில் பற்பசையை அப்படிச் சுருட்டுகிறவர் ஒருவர்தான்.

அவருக்கும் ரத்தம் வருகிறதா? எத்தனை நாளாக? நான் வீட்டுக்காரரிடம் சொன்னதெல்லாம் சுவர் வழியாகக் கேட்டிருக்கும். அதைக் கேட்டு அவரே தனக்கு வைத்தியம் பார்த்துக்கொள்கிறார். எனக்கு டாக்டர் சொன்ன மருந்தை அவர் போட்டுக்கொள்கிறார்.

மார்ச் 20, வியாழன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்பாகிட்ட இத எப்படிக் கேக்குறது?" என்று என்னையே கேட்டார். "உங்கப்பாதானே?" என்றேன். "அதனாலதான்" என்றார்.

மார்ச் 22, சனி

மாமா இன்று ஜன்னலிடம் சுத்தியலும் ஆணியும் கேட்டார். எடுத்து மேஜையில் வைத்தேன். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டார். அதற்குப் பக்கத்தில் ஏற்கனவே ஆணியால் போட்ட ஓட்டை ஒன்று இருந்தது.

எடை குறைஞ்சா உடனே வரணும் என்று டாக்டரம்மா சொன்னது.

தூக்கம் பிடிக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

பேசிவிட்டேன்.

மாமா சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்டால் ஓடிவிடுவார். அதனால் நானும் பிரிட்ஜைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"எனக்கு மூலம் வந்துச்சு" என்றேன் பிரிட்ஜிடம். "ரத்தம் வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் ஒரு நாள் வாக்கி டாக்கி பட்டன் அமுங்கி, மனை முழுக்கச் சொல்லிட்டேன்." எல்லாவற்றையும் சொன்னேன். மூலத்தின் காலில் விழுந்தது, மூக்கைச் சிந்தியது, ஓட்டை மெத்தை, எல்லாம்.

பின்னால் ஒரு சத்தம். தட்டு விழுந்துவிட்டதோ என்று நினைத்தேன். மாமா சிரித்திருக்கிறார். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து கேட்டேன். "ரத்தம் வருதா, மாமா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"வருது" என்றார். அவரும் பிரிட்ஜிடம்தான். "கொஞ்ச நாளாவே. டப்புல உக்காந்தா சரியாயிடும்னு பாத்தேன். இங்க ஒருத்தங்களுக்கு ஆச்சே."

"எனக்கு டாக்டர் பாத்து மூலம்னு சொன்னாங்க. உங்களுக்கு யார் சொன்னா?"

கழுவிய தட்டையே மறுபடி கழுவினார்.

"என்ன நிறம்?"

"கறுஞ்செவப்பா. சில நாள் வயித்தால போகுது. சில நாள் போகவே இல்ல. பயமாத்தான் இருக்கு. பாத்தா ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு. பாக்கலன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?"

அதே கணக்குதான். குடிக்காவிட்டால் இறங்க வேண்டாம் என்று நான் போட்ட கணக்கு.

"நாளைக்கு நான் லீவு. நானும் வரேன்" என்றேன்.

அவர் குழாயை மூடினார். தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தார். "காலைலயா, சாயங்காலமா?" என்று கேட்டார்.

மார்ச் 24, திங்கள்

டாக்டரம்மா மாமாவைச் சிரித்துப் பேசிக்கொண்டே பார்த்தார். பார்த்து முடித்ததும் சிரிப்பு இல்லை. கேமரா விட்டுப் பார்த்தாக வேண்டும் என்று, ஏப்ரல் இரண்டாம் தேதிக்குத் தானே போன் பண்ணி இடம் வாங்கிக் கொடுத்தார். இந்த ரத்தத்தை மூலம் என்று நினைத்து எத்தனை பேர் வருஷக் கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

மாமாவிடம் இனி என் களிம்பைத் தொடக் கூடாது என்றேன். டப்பை மட்டும் அனுமதித்திருக்கிறேன்.

மார்ச் 29, சனி

என்னுடையது போய்விட்டது போலத்தான். வலி இல்லை, ரத்தம் இல்லை. தண்ணீர் குடிக்கிறேன், இறங்குகிறேன், ஏறுகிறேன். என் உடம்பு எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. சந்தோஷப்படப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

நாளைக்குக் கேமரா விட்டுப் பார்ப்பதற்காகக் குடலைக் காலி பண்ணும் மருந்து. பெரிய ஜாடி நிறைய. மாமா ஒரு டம்ளர் குடிப்பார், முகத்தைச் சுளிப்பார், ஓடுவார். நான் கழிப்பறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், மயக்கம் கியக்கம் வந்துவிடுமோ என்று. உள்ளேயிருந்து குரல் வந்தது: "அந்தக் கூடை நல்லாத்தான் இருக்கு, கால் வைக்க."

கதவு மூடியிருந்தது. எதிரில் பிரிட்ஜ் இல்லை. என்னிடம்தான் சொன்னார்.

ஏப்ரல் 2, புதன்

வீட்டுக்காரர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்து நடந்து தரையைத் தேய்த்துவிட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கெட்டியான மரப்பெஞ்ச். உட்கார முடிகிறது என்பதே நடுவில்தான் எனக்கு உறைத்தது.

உள்ளே ஒரு கட்டி. பெரிது. பெருங்குடலின் உட்சுவரில் காளான்போல் முளைத்திருந்ததாம். அப்போதே முழுதாக எடுத்துவிட்டார்கள். சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு தெரிய ஒரு வாரத்துக்குமேல் ஆகும்.

மயக்கம் தெளிந்து மாமா முதலில் தேடியது கண்ணாடியை. மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். சுவரை இல்லை, ஜன்னலை இல்லை. "உன்னால இப்ப உக்கார முடியுதாம்மா?" என்றார்.

முடியுது மாமா என்று சொல்ல வேண்டியதுதானே? அழுதுவிட்டேன். அங்கே பட்டன் எதுவும் அமுங்கவில்லை, இருந்தும் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காத்திருக்கிறோம். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எல்லோரும் தவிட்டு ரொட்டி தின்கிறோம்.

ஏப்ரல் 9, புதன்

ஒருவேளை நான் வீக்கத்தோடு சும்மா இருந்திருந்தால்? காற்று அடிக்காமல் இருந்திருந்தால்? அவர் களிம்பைத் தாறுமாறாகப் பிதுக்குகிறவராக இருந்திருந்தால்? இப்படியே யோசித்தால் பைத்தியம் பிடிக்கும். போய்ப் படு.

ஏப்ரல் 11, வெள்ளி

புற்றுநோய் இல்லை!

மாற ஆரம்பித்திருந்ததாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மாறியிருக்கும். மாறுவதற்குள் எடுத்துவிட்டார்கள், ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன. சொன்ன தேதியில் திரும்ப ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கையுறை மாட்டிய கை, பரவாயில்லை.

மாமா வெளியே வந்து பெல்ட்டைச் சரி செய்துகொண்டார். "பழைய ஓட்டைக்குத் திரும்பணும்" என்றார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அழுதார். அவரையும் நான்தான் தேற்றினேன். இன்று அதில் எனக்கு வருத்தமே இல்லை.

மூலத்துக்கு நன்றி சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சொல்லிவிட்டேன். திரும்ப வர வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் அவசரத்தில் தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே மறந்துவிட்டேன். மேலே ஏறியபிறகுதான் தெரிந்தது. சரி, பத்து மணிக்கு இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

ஒன்பது மணி வாக்கில் கொக்கி காலி. கீழே கேட் பக்கம் சிக்னல்காரரோடு யாரோ நிற்பது தெரிந்தது. மேலேயிருந்து பார்த்தால் தொப்பி இல்லாத தலை, நரைத்த தலை. வாக்கி டாக்கி கரகரத்தது.

"ஹலோ. கேக்குதா? மாமா பேசறேன். பாட்டில மறந்துட்டு வந்துட்டியே. இவர் கயித்துல கட்டித் தராராம். கயித்த விடு. இழுத்துக் குடி."

மைக் கிடைத்ததும் மனிதருக்கு என்ன கம்பீரம்! எந்த ரயில் எந்த நடைமேடை என்று சொல்வதுபோல் இருந்தது. கயிற்றை விட்டேன். சரி மாமா என்று சொல்லப் பட்டனை அழுத்தினேன். போகவில்லை. அவர் தன் பட்டனை விடவில்லை. கவுண்டரில் மைக் எப்போதும் திறந்தே இருக்கும், அந்தப் பழக்கம். நான் தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன், கூடவே மனை முழுக்க.

"அங்கயா உக்காந்திருக்கா? அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடியா? அம்மாடி... நானும் கண்ணாடிக்குப் பின்னாடிதான் சார் உக்காந்திருந்தேன். ஆனா தரையில. கழிப்பறை பக்கத்துலயே. இவ தண்ணி குடிக்காம அங்க... எனக்குத் தெரியாதே. கேட்டதே இல்ல. எனக்குப் பொண்ணு கிடையாது. இருந்திருந்தாலும் என் முகத்தப் பாத்து 'ரத்தம் வருதா'ன்னு கேட்டிருக்குமா சொல்லுங்க. யாரு கேப்பா? இவ கேட்டா. பிரிட்ஜப் பாத்துக் கேட்டா, அது வேற விஷயம். கேக்கலன்னா அடுத்த வருஷம் நான் சுவத்துல போட்டோவாத்தான் இருந்திருப்பேன். இத அவகிட்ட சொல்லணும்னு பாக்கறேன், வாயே வர மாட்டேங்குது. நீங்களாவது சொல்லுங்க சார்."

சிக்னல்காரரின் குரல் தூரத்தில் கேட்டது. "ஐயா... பட்டன விடுங்க."

"என்னது?"

"பட்டன், ஐயா. அமுத்திக்கிட்டே இருக்கீங்க. அவங்களுக்கு எல்லாம் கேட்டுடுச்சு."

கரகரப்பு நின்றது. கீழே கம்பி வளைப்பவர்கள் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார், நெற்றிக்குமேல் கையை வைத்துக்கொண்டு.

சிக்னல்காரர் பாட்டிலைக் கயிற்றில் கட்டியதும் மேலே இழுத்தேன். அவருக்குத் தெரியட்டும் என்று கண்ணாடிப் பக்கம் எழுந்து நின்று, அண்ணாந்து, வைக்காமல் முழு பாட்டிலையும் குடித்தேன்.

பத்து மணிக்கு முன்பே இறங்க வேண்டி வந்தது. இறங்கினேன்.